மேரா பீக் போகிறீர்களா?

மேரா பீக் "புதியவர்களுக்கான சிகரம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. நேபாளத்தின் மிக உயரமான ட்ரெக்கிங் சிகரங்களில் இதுவும் ஒன்று: 6,476 மீட்டர். 1953-இல் ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் முதன்முதலில் ஏறினார்கள்.

வழக்கமான பாதையில் பாறை ஏற்றம் கிடையாது. நீண்ட பனிச்சரிவு, கடைசியில் சிறு செங்குத்து, அங்கே கயிறு. பூட்ஸில் கிராம்பான் (பனியில் பிடிக்கும் முள்சட்டம்) மாட்டுவதையும் கயிற்றில் ஜுமார் (பிடிப்புக் கருவி) போட்டு ஏறுவதையும் மலையடிவார ஊரான காரேயில் கற்றுத் தருகிறார்கள். தடித்த கையுறையோடு கொக்கியை மாட்டிக் கழற்றுவதுதான் பெரும்பாடு. விரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஹை கேம்ப்பிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். தண்ணீர் மேலிருந்துதான் உறையும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னார் வழிகாட்டி அண்ணன். பத்து அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. விடிந்ததும் எவரெஸ்ட், லோட்சே, மக்காலு, சோ ஓயு, கஞ்சன்ஜங்கா, ஐந்தும் கண்ணெதிரே!

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: உடல் உயரத்துக்குப் பழகும் ஓய்வு நாட்களைக் குறைத்து காசு மிச்சம் பிடிக்காதீர்கள். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் யோசிக்காமல் இறங்கிவிடுங்கள். சிகரம் எங்கேயும் போய்விடாது.