மறுக்காத முன்னொட்டு

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது குருபரப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்தொலிக்கும் இப்பகுதியில், தொழிற்சாலை வாயிலைக் கடந்தால் எச்சரிக்கை எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆகவே, வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு மாலைத் திருப்பலிக்குப்பின் சிறிது ஆங்கிலம் கற்பித்து வந்தோம்.

அன்றைய பாடம், பெயரடைகளுக்கு எதிர்ச்சொல் ஆக்குதல். 'ஹாப்பி' என்பதன்முன் 'அன்' சேர்ந்தால் 'அன்ஹாப்பி'; 'கரெக்ட்' என்பதன்முன் 'இன்' சேர்ந்தால் 'இன்கரெக்ட்'. முன்னது ஆங்கிலத்தின் பழஞ்சொத்து. பின்னது இலத்தீன் வரவு. குருமடத்தில் இலத்தீன் பயின்ற பெருமிதத்தோடு, அந்த 'இன்' திரிவதையும் விளக்கினோம். 'பாசிபிள்' முன் 'இம்'; 'லீகல்' முன் 'இல்'; 'ரெகுலர்' முன் 'இர்'. 'மரம்', 'கள்' ஏற்று 'மரங்கள்' ஆவதுபோல, நாவின் எளிமைக்கான திரிபு இது. இறுதியில், "'இன்' வந்தால் எதிர்ப்பொருள்" என்று கரும்பலகையில் எழுதி முடித்தோம்.

மறுவாரம் ஓர் இளைஞர் மலர்ந்த முகத்துடன் வந்தார். "சாமி, நாங்கள் உருட்டும் பீப்பாய்களில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. தீப்பற்றாது என்றுதானே பொருள்? இத்தனை நாள் வீணாகப் பயந்தேன்."

திடுக்கிட்டோம். எளிதில் தீப்பற்றும் என்பதே அச்சொல்லின் பொருள். அங்குள்ள 'இன்' மறுப்பன்று. 'உள்ளே' எனப் பொருள்படும் வேறோர் இலத்தீன் முன்னொட்டு. 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான். இவற்றின் எதிர்ச்சொல் 'நான்ஃப்ளேமபிள்'. ஆங்கிலம் பேசும் நாட்டிலும் இம்மயக்கம் உண்டு. அதனாலேயே அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில், 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுமாறு வலியுறுத்தியது.

பிழை அவருடையதன்று; நம்முடையது. விதியைச் சொன்னோம், விலக்கைச் சொல்லவில்லை. இலத்தீன் விசுவாச அறிக்கையில் 'இன்கார்னாத்துஸ்' என்று எத்தனை முறை பாடியிருப்போம்! ஊனுடல் எடுத்தார் என்பது பொருள். அந்த 'இன்' மறுப்பாயின், 'ஊனற்றவர்' என்றல்லவா ஆகிவிடும்? மனுவுருவாதலை விளக்கி மறையுரை ஆற்றிய நமக்கு, ஒரு பீப்பாயின் முன் அது நினைவுக்கு வரவில்லை.

"தம்பி, அந்தப் பயம் வீணன்று, அதை விட்டுவிடாதீர்கள்" என்றோம். கரும்பலகை விதியின்கீழ், "எல்லா 'இன்'னும் மறுப்பன்று, ஐயமிருந்தால் கேட்க" என்று சேர்த்தோம். 'தீப்பற்றும்' என ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரக் கேட்டார், தந்தோம். அதன்கீழே தெலுங்கிலும் கன்னடத்திலும் உடன்பயில்வோர் எழுதினர். அவ்விரு எழுத்தும் அறியாத நாம், மாணவராய் அருகில் நின்று பார்த்திருந்தோம்.