தீவைத் தொட்டுச் செல்லும் கப்பல்

சுவீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமிலிருந்து பின்லாந்திலுள்ள துர்க்குப் பட்டினத்துக்கு மாலையிலே புறப்படும் கப்பல் மறுநாட் காலையில் அக்கரை சேர்கின்றது. இடையிலே கிடப்பது போல்டிக் கடல். ஆனால் முதல் மூன்று நான்கு மணி நேரம் கடலிற் செல்வதாகவே தோன்றாது. அகன்ற ஆறொன்றிற் செல்வது போலவே இருக்கும். தலைநகரை அடுத்துச் சிதறிக் கிடக்கும் தீவுகளும் திட்டுகளும் ஏறக்குறைய 30,000 என்பர். பாறையும் பைன் மரமும் செந்நிறம் பூசிய மரவீடுமாக அவை இரு மருங்கும் மெல்ல நகர்கின்றன. ஆனி மாதமாதலால் இரவு பத்து மணி வரை வெளிச்சம் நின்றது. எனினும், நாம் சென்ற அன்று மேற்றளத்தில் நின்று இக்காட்சியைக் கண்டோர் மிகச் சிலரே. ஏனையோர் உள்ளே மதுக்கடை வாயிலிற் கூடி நின்றனர்.

இந்த ஆவலுக்குக் காரணம் கரையிலே இருக்கின்றது. சுவீடனிலும் பின்லாந்திலும் மதுவைக் கட்டுப்பாடின்றி விற்கவியலாது. பின்லாந்து 1919 முதல் 1932 வரை பூரண மதுவிலக்கையே நடத்திப் பார்த்த நாடு. அது தோல்வியுற்றபின் கடும் மதுவகைகளின் சில்லறை விற்பனை அரசாங்கக் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவீடனில் 1955 வரை மதுவுக்குப் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. இன்றும் அங்கே அரசாங்க மதுக்கடை சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கே மூடப்படும். ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. இருபது வயது நிரம்பாதவர் அங்கு வாங்கவும் முடியாது. இரு நாட்டிலும் தீர்வை மிக உயர்வு.

கப்பலிலோ தீர்வை இல்லை. எப்படி என்று நேயர்கள் வினவலாம். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளிடையே செல்லும் கப்பல்களில் தீர்வையற்ற விற்பனை 1999ஆம் ஆண்டின் நடுப்பகுதியுடன் ஒழிக்கப்பட்டது. ஆனால் வழியிலே ஓலண்ட் என்னும் தீவுக் கூட்டம் இருக்கின்றது. பின்லாந்துக்கு உரியதாயினும் சுவீடிஷ் மொழி பேசும் ஏறத்தாழ 30,000 மக்கள் வாழும் சுயாட்சிப் பிரதேசம் அது. 1995இல் பின்லாந்து ஒன்றியத்திற் சேர்ந்தபோது, இத்தீவு வரி விஷயத்தில் எல்லைக்கு வெளியே நிற்கலாம் என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆகவே ஓலண்டைத் தொட்டுச் செல்லும் கப்பல் தீர்வையின்றி விற்கலாம்.

அந்தத் தொடுதலைக் காண நாம் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்தோம். மரியஹாம் துறையிலே கப்பல் கரை தட்டியது. கரையோரத்தில் 'பொம்மேர்ன்' என்னும் நான்கு பாய்மரக் கப்பல் நின்றது. 1903இல் கிளாஸ்கோவிற் கட்டப்பெற்று, அவுஸ்திரேலியக் கோதுமையை ஏற்றி வந்த அந்த மூதாட்டி இன்று நூதனசாலையாக ஓய்வெடுக்கின்றாள். எமது கப்பலினின்று இறங்கியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கால் மணி நேரமும் செல்லவில்லை, கயிறு அவிழ்த்தாயிற்று. வரிச் சட்டத்துக்குச் செலுத்தவேண்டிய வணக்கம் அவ்வளவே.

ஆயினும் கப்பலினுள்ளே அவ்விரவு வேறாக இருந்தது. தெளிவாக வெறி ஏறியவருக்கு மது ஊற்றிக் கொடுத்தல் இரு நாட்டுச் சட்டத்திலும் குற்றம். ஊற்றிக் கொடுக்கும் பெண்ணும் ஓரிருவரை மறுத்து அனுப்பியதைக் கண்டோம். மறுக்கப்பட்டவர் எங்கே போவார்? மறுதளத்தில் இன்னொரு தவறணை; அறையிலே கடையில் வாங்கிய போத்தல். கரையிலே மதுக்கடையையும் தவறணையையும் நேரத்தாலும் இடத்தாலும் பிரித்துவைத்த அரசாங்கங்கள், கடலிலே இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, குழந்தை குட்டியுடன் செல்லும் குடும்பங்களையும் அவற்றுடன் விடியும்வரை பூட்டிவிட்டன. தரையிலாயின் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கப்பலிலே போக இடமேது?

பின்னிரவில் எமது அறைக்கதவை ஒருவன் தனது அறையென்றெண்ணி இடித்தான். அடுத்த அறையிலே ஒரு குழந்தை வீரிட்டழுதது. காவலர் இருவர் வந்தனர். கோபமுமில்லை, வியப்புமில்லை, நாளாந்த வேலை போலும். தோளிற் கைவைத்து அவனை நடத்திச் சென்றனர். இத்தகைய கப்பல்களிலே வெறி தெளியும்வரை அடைத்துவைப்பதற்கென்றே காவலறைகள் உண்டு.

விற்பனையை நிறுத்திவிட்டாலென்ன என்று காலையிலே உணவுமேசையில் உடனிருந்த ஓலண்ட் மூதாட்டியாரிடம் கேட்டோம். அவர் சிறிது நேரம் பதில் சொல்லவில்லை. “இக்கப்பல் நின்றால் என் மகள் வைத்தியசாலைக்கு எப்படிப் போவாள், தம்பி?” என்றார் பின்னர். அவர் கூறியது மெய்யே. தீவின் பொருளாதாரம் நிலைக்கவேண்டும் என்பதற்காகவே உடன்படிக்கையில் அவ்விலக்கு எழுதப்பட்டது. பிரயாணச் சீட்டின் விலை மட்டும் இத்தனை பெருங் கப்பல்களை நாடோறும் ஓட்டாது. போத்தல்களும் சேர்ந்தே ஓட்டுகின்றன. ஆயினும் காவலருக்குச் சம்பளம் கொடுக்கும் கப்பல், குடும்பங்கள் உறங்கும் தளத்தைத் தவறணைத் தளத்தினின்று வெகுதூரம் விலக்கி வைக்கலாம். நள்ளிரவுக்குப்பின் ஊற்றுவதைக் குறைக்கலாம். அதனால் எந்தத் தீவும் மூழ்கிவிடாது.

துர்க்குவிலே இறங்கினோம். பியர்ப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய சிறு கைவண்டிகள் எமக்கு முன்னே கடகடவென்று உருண்டு சென்றன. நேற்றிரவு கதவிடித்தவனும் அவற்றிடையே தலை குனிந்தபடி நடந்தான். இருபது வயதுக்கு மேலிராது. சற்று நேரத்தில், தளங்களைக் கழுவி முடித்த அதே கப்பல், அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஓலண்டை நோக்கி மீண்டும் புறப்பட்டது.