மிச்சமிருந்த மாத்திரைகள்

(பி.எஸ்சி. புள்ளியியல், இரண்டாம் ஆண்டு)

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று பள்ளிச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நோய் வந்துவிட்டது, இனி வாழ்நாள் முழுவதும் அது போகாது என்று ஆன பிறகு எப்படி வாழ்வது என்பதை எந்தச் சுவரும் நமக்குச் சொல்லவில்லை. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, மூட்டுவாதம் முதலியவை அத்தகைய நோய்கள். மருத்துவர் மருந்து எழுதித் தருவார். அன்றாடம் அந்நோயோடு குடித்தனம் நடத்த வேண்டியவர் நோயாளிதான். அவருக்குத் துணையாக அரசும் மருத்துவமனைகளும் பல ஏற்பாடுகளைச் செய்கின்றன. அந்த ஏற்பாடுகள் பயன் தருகின்றனவா என்று எப்படி அளந்தறிவது? இக்கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. எங்கள் வீட்டுச் சாமி படத்தின் கீழே இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து எழுந்தது.

மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலை அடுத்த ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலையில் லஸ் முனையில் பேருந்து ஏறிப் பனகல் பூங்கா அருகே இறங்கினால், இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்புவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மருந்து வாங்க ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டம் தொடங்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மருந்துகளை மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். நடக்க இயலாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். இத்திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. எங்கள் சந்துக்கு வரும் தன்னார்வலர் இரண்டு தெரு தள்ளி வசிப்பவர். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். அவர் வரத் தொடங்கிய பிறகு அம்மாவின் ஒரு நாள் சம்பளம் தப்பியது. அந்த ஒன்றுக்காகவே நாங்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

இவ்வாண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், நீண்டநாள் நோய் உள்ளவர்கள் தம்மைத் தாமே எவ்வாறு கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டறிய முடிவு செய்தோம். தோழியர் சிலர் அடையாறு பக்கம் சென்றனர். எனக்கு மயிலாப்பூர். வினாப்படிவத்தைத் தயாரித்தவள் நான். கேள்விகள் சுருக்கமாக இருக்க வேண்டும், விடைகளை எண்ணுவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதில் குறியாக இருந்தேன். ஒன்பதாவது கேள்வி இது: "மருந்தைத் தவறாமல் உட்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை." முதல் படிவத்தை அம்மாவிடம்தான் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து, "ஆம்" என்பதைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டாள். எங்கள் தெருவில் பெரும்பாலோர் அப்படியே வட்டம் போட்டார்கள். எனக்கு மிக்க மகிழ்ச்சி.

அடுத்த வாரம் அக்கா வழக்கம்போல் மருந்தோடு வந்தார். மருந்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அம்மாவின் இடது காலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்துவிட்டார்.

"எப்பக்கா வந்தது இது?"

"எதும்மா?" என்று அம்மா குனிந்து பார்த்தாள். அங்கே கொப்புளம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. காலில் உணர்ச்சி மங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அக்கா பதறவும் இல்லை, திட்டவும் இல்லை. "பழைய மாத்திரை மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிப் பிஸ்கட் டப்பாவை எடுத்து வைத்தாள். அதில் அட்டை அட்டையாக மாத்திரைகள் இருந்தன. மெட்ஃபார்மின் ஓரளவு குறைந்திருந்தது. கிளிமிபிரைடு அட்டைகளில் பல பிரிக்கப்படவே இல்லை.

காரணத்தை அம்மா மெல்லச் சொன்னாள். கடையில் மதியச் சாப்பாட்டுக்கு ஆள் மாற்றி ஆள் அனுப்புவார்கள். அவள் முறை வர மூன்று மணி ஆகும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து. அதை விழுங்கிவிட்டு உணவு தாமதித்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். ஒருநாள் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டிருக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்ததற்கு மேற்பார்வையாளரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறாள். அன்றிலிருந்து வேலை நாட்களில் அந்த மாத்திரையை விட்டுவிட்டாள். இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் ஒழுங்காக எடுத்துக்கொள்வாளாம்.

"அப்போ என் ஃபாரத்துல ஏம்மா ஆம்னு போட்டே?" என்று கேட்டேன்.

"இல்லைன்னு போட்டா உனக்கு மார்க் கொறைஞ்சிடுமோன்னு பயந்தேன், கண்ணு."

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் கணக்கில் அம்மா "தவறாமல் மருந்து உண்பவர்." திட்டத்தின் பதிவேட்டில் அவள் "மருந்து வழங்கப்பட்டவர்." இரண்டும் வெற்றிக் கணக்கு. உண்மையோ பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

அதன் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து, உலகில் மற்றவர்கள் இதை எப்படி அளந்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட் லோரிக் குழுவினரின் ஆய்வு 1999-இல் வெளிவந்தது. நீண்டநாள் நோயாளிகள் 952 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தற்பராமரிப்பு வகுப்புகள் நடத்தினார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன. ஆனால் வலியிலும் மூச்சுத் திணறலிலும் பெரிய வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் அதே வழியில் 629 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அங்கே நோயாளிகளின் தன்னம்பிக்கை கூடியது. மருத்துவரைத் தேடிச் செல்வது குறையவில்லை. எதை அளக்கிறோமோ அதைப் பொறுத்து ஒரே ஏற்பாடு வெற்றியாகவும் தோன்றும், தோல்வியாகவும் தோன்றும் என்பது இதனால் விளங்கியது.

என்னைத் திகைக்க வைத்தது வேறொரு கணக்கு. நீரிழிவு நோயாளிகளுக்குத் தற்பராமரிப்புக் கற்பிக்கும் 31 ஆய்வுகளைத் தொகுத்து, சூசன் நாரிஸ் குழுவினர் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 1 சதவீதப் புள்ளி குறைய, கற்பிப்பவர் நோயாளியோடு ஏறத்தாழ 23.6 மணி நேரம் செலவிட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கற்பித்தல் நின்றபின் சில மாதங்களிலேயே அப்பயன் தேய்ந்துவிடுகிறது என்பதும் அவர்கள் கண்டதே. மருத்துவர் மாதம் ஐந்து நிமிடம் பேசுகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு மணி நேரம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. மீதி 8,759 மணி நேரமும் நோயாளிக்கு மருத்துவர் அவரேதான்!

நம் மாநிலத்துக் கணக்கையும் பார்த்தேன். 2020-இல் நடந்த தமிழ்நாடு ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்றில் அவை முறையே 17 ஆகவும் 16.7 ஆகவும் உயர்ந்திருந்தன. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் புள்ளியியல் மாணவி என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு, பின்பு என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்து, உயர்வு முழுவதும் ஒரு திட்டத்தால் வந்தது என்று தீர்ப்பளிக்க இயலாது. ஒப்பிட இன்னொரு பிரிவு வேண்டும். நம் சென்னை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய ஒப்பீடு உண்டு. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் கைப்பேசியில் அறிவுரைக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களில் 18 சதவீதத்தினருக்கும், செய்தி பெறாத பிரிவில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. சிறந்த ஆய்வு. ஆனால் அதில் பெண்கள் இல்லை. கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் என் அம்மாவுக்கு அதே முடிவு பொருந்துமா என்பதை அவளைப் போன்றவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அடையாறு சென்ற தோழி ஒருத்தி, தான் பார்த்த வீடுகள் சிலவற்றில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது, அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்றாள். கருவியால் நலமா? அல்லது கருவியும் பட்டையும் வாங்கப் பணமும், நேரத்துக்கு உண்ண வசதியும் இருப்பதால் நலமா? இந்த வினாவுக்கு எங்கள் படிவத்தில் இடமே இல்லை.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து உதவுபவர். முதலில் வைத்தது நோயுற்றவரைத்தான். மருந்து வீடு தேடி வந்துவிட்டது. அருகிலிருந்து உதவுபவராக அக்காவும் வந்துவிட்டார். அந்த முதல் கூறு உண்மையைச் சொல்ல அஞ்சினால் மற்ற மூன்றும் இருந்தும் என்ன பயன்?

அக்கா மறுநாளே அம்மாவை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்கக்கா, டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று வழியெல்லாம் தைரியம் சொன்னாராம். மருத்துவர் கிளிமிபிரைடின் அளவைக் குறைத்து நேரத்தையும் மாற்றினார். காலைத் தினமும் பார்க்கச் சொன்னார். அம்மா மேற்பார்வையாளரிடம் தானே போய், முதல் முறைச் சாப்பாட்டுக்குத் தன்னை அனுப்பும்படி கேட்டாள். இருபது ஆண்டு வேலையில் அவள் தனக்கென்று கேட்ட முதல் சலுகை அதுதான். கிடைத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்பதை நான் சொன்னபோது, "அதை அடுத்த மாசம் கேக்கறேன்" என்று சிரித்தாள். 10.4 ஆக இருந்த ஹெச்பிஏ1சி நான்கு மாதத்தில் 8.6 ஆயிற்று. இன்னும் குறைய வேண்டும். கொப்புளம் ஆறிவிட்டது.

நான் ஒன்பதாவது கேள்வியை அடித்துவிட்டு வேறு விதமாக எழுதினேன்: "வேலை, சாப்பாட்டு நேரம், உடல்நிலை போன்ற காரணங்களால் மாத்திரையை விட்டுவிட நேர்வது பலருக்கும் உண்டு. சென்ற வாரம் உங்களுக்கு எத்தனை நாள் அப்படி நேர்ந்தது? ஏன்?" எண்ணுவதற்குக் கடினமான கேள்விதான். ஆனால் தெருவில் மீண்டும் கேட்டபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வந்தது. முன்பு "ஆம்" என்று வட்டமிட்டவர்களே இப்போது உட்காரச் சொல்லிப் பேசினார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். நம் கையில் படிவத்தைக் கண்டால் நம் பெற்றோர் அதைத் தேர்வுத்தாள் என்றே நினைக்கிறார்கள். நமக்கு மதிப்பெண் வரும் விடையைத் தேடி எழுதுகிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் சாமி படத்தின் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கோபப்படாமல் அருகில் உட்கார்ந்து, ஏன் என்று கேளுங்கள்.