என் லேப்டாப்பில் ஓடுகிறது

2024 நவம்பர் 4, திங்கள்
லீவு முடிந்து லேப். தீபாவளி முறுக்கு டப்பா ஃபர்னஸ் மேஜையிலேயே கிடக்கிறது, எறும்பு மொய்த்து. சார் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "நீ போறதுக்குள்ள அந்த மின்தடை அளக்கிற புரோகிராமை எல்லா சிஸ்டத்துலயும் ஓடுற மாதிரி பண்ணிக் குடுத்துட்டுப் போம்மா." சரி சார் என்றேன். ஒரு நாள் வேலை. பைஇன்ஸ்டாலர், ஒரே கட்டளை, ஒரே எக்ஸ்இ ஃபைல். சாயங்காலமே வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கவில்லை, புரோகிராம்தான் ஏற்கெனவே என் லேப்டாப்பில் ஓடுகிறது. பென்டிரைவைச் சட்டைப்பைக்குள் பொத்திக்கொண்டு மழையில் ஹாஸ்டலுக்கு ஓடினேன். நன்றாக நனைந்தேன். நன்றாக இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்
லேப் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. ஏதோ ஒரு டிஎல்எல் இல்லையாம். விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது, இங்கே இன்னும் அதுதான். பைத்தான் 3.8தான் அதில் கடைசியாக ஏறும். என் லேப்டாப்பில் இருப்பது 3.11. பழையதை இறக்கி, நம்பை, மீட்டரோடு பேசுகிற பைவிசா எல்லாவற்றையும் பழைய பதிப்பில் தேடித் தேடிப் போட்டு. கழுத்து பிடித்துக்கொண்டது. லேப் ஜூனியர் தம்பி டீ வாங்கி வந்தான், ஆறிய பிறகுதான் குடித்தேன். என் லேப்டாப்பில் ஓடுகிறது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 6, புதன்
3.8இல் கட்டியாயிற்று. இரட்டைக் கிளிக். கறுப்பு ஜன்னல் வந்தது, போனது. வந்தது, போனது. பதினைந்து தடவையாவது கிளிக் செய்திருப்பேன், அடுத்த தடவை நிற்குமென்று. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அதற்குள் ஓட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பைவிசாவுக்குத் துணையான பைவிசா-பை உள்ளே போகவே இல்லை. கோடில் எங்கும் அதை நேராக இம்போர்ட் செய்யவில்லை. ஓடும்போது பைவிசாவே தேடி எடுத்துக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிடாததைப் பைஇன்ஸ்டாலர் மூட்டை கட்டாது. ஹிட்டன் இம்போர்ட் என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு வரிக்கு ஒரு பகல். கண் எரிகிறது. மழை விடவில்லை.

நவம்பர் 7, வியாழன்
சூரசம்ஹாரம். அம்மா ஆறாவது நாள் விரதம். போனில் குரல் கம்மிக் கிடந்தது, ஆனாலும் "சாப்டியாடி" என்று அவள்தான் என்னைக் கேட்டாள்.
என் லேப்டாப்பில் மீட்டர் வரும் போர்ட் காம் 4. அதே யூஎஸ்பி-சீரியல் கேபிள், லேப் கம்ப்யூட்டரில் செருகினால் காம் 7. நான்கு வருடமாக 4 என்றே எழுதி வைத்திருக்கிறேன். மாற்றினேன். இனி புரோகிராம் எண்ணை நம்பாது. இருக்கிற போர்ட் ஒவ்வொன்றிலும் போய் "நீ யார்" என்று கேட்கும். காத்திருந்தோம். திரையில் மீட்டரின் பதில் வந்தது: கீத்லி, மாடல் 2400. தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அக்கா, பேசிருச்சு!" எனக்குக் கை நடுங்கியது. சாப்பிடாததால் இருக்கலாம்.

நவம்பர் 8, வெள்ளி
டேட்டா போகிற ஃபோல்டரின் பாதையில் என் பெயர் இருக்கிறது. வேறெங்கும் அந்த ஃபோல்டர் கிடையாது. அழித்தேன். புரோகிராம் எங்கே இருக்கிறதோ அங்கேயே சேமி என்று எழுதினேன். பெயரை அழிக்கும்போது என்னவோ போலிருந்தது.
தம்பியின் சாம்பிள். 30லிருந்து 300 டிகிரி வரை, மூன்று மணி நேரம். வெப்பம் ஏற ஏற மின்தடை இறங்கியது, ஒரு பிசிறு இல்லை. அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிந்தது. இனி என் சினாப்சிஸ் வேலையைப் பார்க்கலாம்.

நவம்பர் 9, சனி
டேட்டா இல்லை.
ஒற்றை எக்ஸ்இ ஓடும்போது தன்னை ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் பிரித்துக்கொள்கிறது. மூடியதும் அந்த ஃபோல்டரை அழித்துவிடுகிறது. புரோகிராம் இருக்கும் இடம் என்று நான் சொன்னது அதைத்தான். சொன்னபடி அங்கே எழுதியிருக்கிறது. என் லேப்டாப்பில் இப்படி ஆனதில்லை, நான் எக்ஸ்இயாக ஓட்டியதே இல்லையே.
தம்பி ஒன்றும் சொல்லவில்லை. "பரவால்லக்கா, திரும்ப எடுத்துக்கலாம்." நான்கு கம்பிகளையும் மறுபடி சில்வர் பேஸ்ட் வைத்து ஒட்டினான், மூச்சை அடக்கிக்கொண்டு. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு
இன்று தொடுவதில்லை என்று இருந்தேன். மதியம் தொட்டேன். ஒற்றை ஃபைல் வேண்டாம், ஃபோல்டராகவே கொடுக்கலாம். டேட்டா எங்கே என்று முதலில் கேட்கும். ஒவ்வொரு ரீடிங்கும் அந்தந்த நொடியே டிஸ்கில் எழுதப்படும். துணி காயவில்லை, அறை முழுக்க ஈர வாடை.

நவம்பர் 11, திங்கள்
எம்எஸ்சி லேப். அங்கிருந்த பழைய ஒற்றை ஃபைலை ஆன்டிவைரஸ் வைரஸ் என்று சொல்லித் தூக்கிவிட்டது. ஃபோல்டரை விட்டுவிட்டது. ஓடுகிறது. எழுதவே பயமாக இருக்கிறது. தொண்டை கரகரக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்
தம்பி ஓட்டினான், நான் பின்னால் நின்றேன். பாதியில் எக்ஸ் குறியை அழுத்தி மூடிவிட்டு சாம்பிளைக் கழற்றக் கையை நீட்டினான். கீத்லியின் அவுட்புட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கையை எடு!" கத்திவிட்டேன். வெறும் 1 மில்லியாம்ப், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதே பெட்டி 200 வோல்ட்டும் தரும்.
இத்தனை நாளும் மூடிய கையோடு அந்தப் பொத்தானை என் விரல் அணைத்திருக்கிறது. நான் நினைத்துச் செய்ததில்லை. புரோகிராமில் அது எங்குமே இல்லை. எப்படி மூடினாலும் முதலில் அவுட்புட்டை அணை என்று இன்று எழுதினேன். கம்ப்யூட்டரே அணைந்துபோனால் அதுவும் நடக்காது. கம்ப்யூட்டர் அணைந்தால் கையால் அணைக்கவும் என்று காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினேன்.
ராத்திரி வரை யோசனை. இன்னும் எதையெல்லாம் என் கை செய்துகொண்டிருக்கிறது? ஃபர்னஸ் போட்டதும் பத்து நிமிடம் காத்திருப்பேன். யாருக்கும் சொன்னதில்லை.

நவம்பர் 13, புதன்
சொன்னேன். ஒரு பக்கம் ஆயிற்று. தம்பி தன் நோட்டில் எழுதிக்கொண்டான். மூக்கு ஒழுகுகிறது.

நவம்பர் 14, வியாழன்
காய்ச்சல். லேபுக்குப் போகவில்லை. தம்பி தனியாக ஓட்டுகிறான். போன் தலையணைக்குப் பக்கத்தில். பதினொரு மணி, அழைப்பு இல்லை. இரண்டு மணி, இல்லை. ஏதோ ஆகிவிட்டது, சொல்லப் பயப்படுகிறான். நானே கூப்பிடலாமா? எடுத்தேன், வைத்தேன். மூன்றரை, இல்லை.
ஐந்தரைக்கு ஒரு படம் அனுப்பினான். வளைவு. 30லிருந்து 300 வரை. கீழே "ஓடிருச்சுக்கா. அவுட்புட் ஆஃப் பண்ணிட்டேன், பாத்துட்டேன்."
சந்தோஷம்தான். கொஞ்சம் அழுதேன், காய்ச்சல்தான் காரணமாக இருக்கும். கஞ்சி உப்பில்லாமல் இருந்தது, முழுக்கக் குடித்தேன். லேப்டாப்பை இன்று திறக்கவே இல்லை.