ஓரிரு இடங்களில்

கவிதையை மொழிபெயர்க்க முடியாது என்று இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். வானிலை அறிக்கையும் அப்படித்தான் என்பது மூன்று வருஷங்களுக்கு முன்பு ஒரு பங்குனியில் தெரிந்தது.

என் தம்பி எல்லைச் சாலைகள் அமைப்பில் டிரைவர். அப்போது இமாச்சலப் பிரதேசத்தில், லாஹௌல் பள்ளத்தாக்கில், தார்ச்சா என்ற இடத்தில் முகாம். மணாலியிலிருந்து லேவுக்குப் போகும் சாலை குளிர்காலத்தில் அதற்கு மேல் மூடிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் பனியை வெட்டி ஒதுக்கிக்கொண்டே சுமார் 16,000 அடி உயரத்தில் இருக்கும் பரலாச்சா கணவாய் வரை ஏறுவார்கள். வானம் நிலைகொள்ளாமல் இருக்கும் மாதங்களும் அவைதான். மேலே போய்விட்டால் அவனுடன் பேச முடியாது. ஆகவே தினமும் காலையில் நான் பேங்குக்குப் புறப்படும்போது அம்மா கேட்பாள்: 'அங்க இன்னிக்கு எப்படிடா இருக்குமாம்?'

இந்திய வானிலைத் துறையின் அறிக்கை என் கைபேசியில் இருக்கும், ஆங்கிலத்தில். நான் பி.ஏ. ஆங்கிலம். அந்தப் படிப்பால் வீட்டுக்கு நேர்ந்த ஒரே உபயோகம் இது.

முதல் சங்கடம் பெயரில் இருந்தது. அந்த வானிலையை 'மேற்கத்திய இடையூறு' என்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மேல்காற்றோடு கிழக்கே வரும் தாழ்வழுத்தம். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து வரும். பஞ்சாபில் கோதுமைக்குக் கிடைக்கிற குளிர்கால மழை அதுதான். மேற்கு இமயத்தில் சேர்ந்து, பிறகு உருகி ஆறுகளில் இறங்கும் பனியும் பெரும்பாலும் அதன் வரவுதான். இதை இடையூறு என்று அழைப்பதற்கு, தெளிந்த வானமே நியதி என்று முன்கூட்டி முடிவு செய்திருக்க வேண்டும். விமர்சனத்தில் நாமும் இந்தக் காரியத்தைச் செய்கிறோம். ஆனால் தம்பி இருக்கிற இடத்தில் அது இடையூறுதான். அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு எழவில்லை. 'காத்து மாறுதாம்' என்றேன்.

அடுத்தது ஒரு சாய்கோடு. 'மழை' என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, 'பனி' என்று எழுதுகிறார்கள். மேகம் ஒன்றுதான். 6,700 அடியில் மணாலியில் அது மழை. 10,000 அடியில் கேலாங்கில் அதே நேரத்தில் பனி. காற்று எந்த உயரத்தில் உறைநிலைக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. அந்த உயரம் நாளுக்கு நாள், மணிக்கு மணி ஏறி இறங்குவதால் அறிக்கை எழுதுகிறவர் கோட்டைப் போட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இதில் ஒரு நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நேர்மை இல்லாதது என் தமிழில்தான். மார்கழியில் புல்நுனியில் இருப்பதும் நமக்குப் பனி, ஆள் உயரத்துக்குச் சாலையை மூடுவதும் பனி. அம்மாவுக்குப் பனி என்றால் விடியற்காலையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ள வேண்டிய விஷயம். 'கொஞ்சம் பனி இருக்குமாம்' என்று அந்தச் சொல்லுக்குப் பின்னால் தினமும் ஒளிந்துகொண்டேன். 'கொஞ்சம்' அறிக்கையில் இல்லாதது.

அறிக்கையில் வேறு அளவுகள் இருந்தன. நாம் அடைமொழி என்று நினைத்துப் படித்துப் போகிற சொற்கள் எல்லாம் அங்கே எண்கள். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்ய வேண்டும். பனியையும் உருக்கி நீராகவே கணக்கிடுவது வழக்கம். புதுப்பனியானால் ஒரு மில்லிமீட்டர் நீர் தரையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் பனியாகக் கிடக்கும். அப்படிப் பார்த்தால் 'கன' என்ற இரண்டெழுத்து இரண்டடி உயரம். அதேபோல், ஒரு பகுதியில் உள்ள அளவு நிலையங்களில் நூற்றுக்கு 25க்கு மேற்படாத இடங்களில் பெய்தால் 'ஓரிரு இடங்களில்'. 26 முதல் 50 வரை 'சில இடங்களில்'. அதற்கு மேல் 75 வரை 'அநேக இடங்களில்'. நாலு தொகுப்பைப் படித்துவிட்டு 'இன்றைய கவிதையில் பரவலாகக் காணப்படும் ஒரு போக்கு' என்று இதே பக்கங்களில் எழுதியவன் நான். கூச்சமாக இருந்தது.

'ஓரிரு இடங்களில் கன பனிப்பொழிவு' என்று ஒரு காலை வந்தது. சின்ன வயதிலிருந்து வானொலியில் கேட்டுக் கேட்டு, நம் ஊருக்கு வராது என்று அர்த்தம் பண்ணிக்கொண்ட சொற்றொடர். 'ஓரிரு எடத்துலதாம்மா' என்றேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: 'அந்த ஓரிரு எடத்துல இவன் இருக்கானா?'

எந்த அறிக்கையும் இதற்குப் பதில் சொல்லாது. அது பிரதேசத்தைப் பார்த்துப் பேசுகிறது. ஆளைப் பார்த்து அல்ல. அதைவிட மோசமான ஒன்று பஸ்ஸில் போகும்போது உறைத்தது. நூற்றுக்கு இத்தனை என்பது அளக்கிற இடங்களில் நூற்றுக்கு இத்தனை. மலையில் அளவு நிலையங்கள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் ஊர்கள் இருக்கும் பள்ளத்தாக்குகளில். அளப்பதற்கு ஆளில்லாத சரிவில் எவ்வளவு விழுந்தாலும் அது ஓரிரு இடத்திலும் சேராது. என் தம்பி வண்டி ஓட்டுவது அந்த மாதிரிச் சரிவுகளுக்குக் கீழே.

அன்றும் அடுத்த இரண்டு நாட்களும் அவனிடமிருந்து போன் இல்லை. இரண்டாம் நாள் மாலை என் கவுண்டரில் ரொக்கம் 500 ரூபாய் குறைந்தது. கையிலிருந்து போட்டேன். வீட்டில் நான் வழக்கம்போல, 'பனி கொறைஞ்சிட்டுதாம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் பேசினான். சரிவு விழுந்து சாலை அடைபட்டு, ஏழெட்டுப் பேர் ஒரு தகரக் கொட்டகையில் இருந்திருக்கிறார்கள். 'ஒண்ணும் இல்லண்ணா, பருப்புதான் தீந்துபோச்சு' என்றான். அவனும் மொழிபெயர்க்கிறான் என்று தெரிந்தது.

போனை அம்மாவிடம் கொடுத்தேன். பேசி முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்: 'நீ எப்பவும் கொறைச்சுத்தான் சொல்லுவே. நீ ஒண்ணுன்னா நான் ரெண்டுன்னு வச்சுக்குவேன்.' மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடாதது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கணினி மாதிரிகள் ஓர் இடத்துக்கு எப்போதும் குறைத்தே சொன்னால், பழைய தவறுகளின் சராசரியைக் கண்டு அதைக் கூட்டிக்கொள்வது வானிலைக்காரர்களின் வழக்கம். அம்மா என்னைப் பல வருஷமாகப் படித்து அந்தக் கூட்டலைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். நான் கருணை என்று நினைத்துச் செய்தது அவளுக்கு ஒரு கணக்கு வேலையைக் கூடுதலாகக் கொடுத்ததுதான்.

இப்போது அறிக்கையை எதுவும் குறைக்காமல் வாசிக்கிறேன். சாய்கோடு வந்தால் 'மழையோ பனியோ' என்கிறேன். இத்தனை அடி உயரம் என்று கையால் காட்டுகிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்கிறேன். அம்மா கேட்டுக்கொள்கிறாள். இன்னும் இரண்டாகத்தான் வைத்துக்கொள்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.