நூலின் அளவு

நெசவாளியின் நாடாவைப் போன்று, ஆனால் உள்ளங்கையில் அடங்கும் சிறு நாடாவில் நூலைச் சுற்றி, முடிச்சுகளால் வளையங்கள் அமைக்கும் பின்னல் வேலைக்கு டாட்டிங் என்று பெயர். அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டிய 1847-ஆம் ஆண்டில், ஆர்டீ என்னும் ஊரின் ஏழைப் பெண்டிர்க்கு இக்கைத்தொழில் பிழைப்பாகக் கற்பிக்கப்பட்டது. அன்னார்க்கு நூல் வீணாதல் கூலி வீணாதலே.

நூலை மிகுதியாகச் சுற்றினால் அது நாடாவின் விளிம்புக்கு வெளியே பிதுங்கி அழுக்கேறும். குறைவாகச் சுற்றினாலோ வேலையின் நடுவே ஒட்டுப் போட நேரும். இறுகிய வளையத்தை அவிழ்ப்பதும் எளிதன்று. ஆதலின், கைதேர்ந்தவள் 100 அங்குல நூலை அளந்தெடுத்து ஒரு வளையம் பின்னுவாள். பின் எஞ்சியதை அளப்பாள். 10 அங்குலம் செலவாகியிருப்பின், 30 வளையங்களுக்கு 300 அங்குலம் வேண்டும். அத்துடன், விரல்களைச் சுற்றிப் பிடிப்பதற்கென ஒரு முழமும் கூட்டிக்கொள்வாள். அந்த ஒரு முழத்தை மிச்சம் பிடித்தவளுக்குக் கடைசி வளையத்தில் நூல் எட்டாது.