நாகர் பள்ளத்துப் பேய்மிரட்டி

திருச்செங்கோட்டு மலைக்கு வண்டியிலேயே போய்விடலாம். ஆனால் படியேறினால்தான் பாறை இடுக்கில் முளைத்திருப்பவை கண்ணில் படும். மொத்தம் சுமார் 1,200 படிகள். கார்த்திகை மழை விட்டிருந்த காலை. கீழே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊர் விழித்துக்கொண்டிருந்தது.

அறுபது அடி நீளத்துக்குப் பாறையில் செதுக்கிய பாம்பும் அதன் மேல் அப்பிய குங்குமமுமாக இருக்கிறது நாகர் பள்ளம். அதற்குச் சற்று முன்னால் இடுப்புயரச் செடிகள் கூட்டமாக நின்றன. துளசிக் குடும்பத்துக்கே உரிய நாற்கோணத் தண்டு. நீண்டு தடித்த இலை, அடிப்புறம் முழுக்க வெண்மயிர். கதிரில் அடுக்கடுக்காக இளம் ஊதாப் பூ. ஓர் இலையைக் கசக்கினேன். காரமான நெடி விரலில் ஏறிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவியும் போகவில்லை.

"பேய்மெரட்டி கண்ணு" என்றார் விளக்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி. "கொழந்தைக்குப் பல்லு மொளைக்கறப்போ காச்சலும் பேதியும் வருமில்ல, அப்ப இந்த எலையத்தான் கொதிக்க வெச்சுக் குடுப்போம்."

"திரியாவும் போடுவாங்களாமே, அம்மாயி?"

பச்சை இலையைத் திரித்து, அகலில் எண்ணெய் விட்டுப் பற்ற வைத்தார். நுனியில் சுடர் நின்றது. இலை பச்சையாகவே இருந்தது. மயிரிழைகள் எண்ணெயை மேலே இழுத்துத் தருகின்றன. எரிவது எண்ணெய்தான். அந்திவேளையில் கொசுவை விரட்ட ஊர்களில் இப்படித்தான் ஏற்றுவார்கள்.

மூதாட்டி காய்ச்சல் என்றதில் எனக்குச் சம்பந்தர் நினைவுக்கு வந்தார். ஏழாம் நூற்றாண்டில் அவரோடு வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியதாகவும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாடியதும் அது நீங்கியதாகவும் பெரியபுராணம் சொல்வது, கொடிமாடச் செங்குன்றூர் என்று பழம்பெயர் கொண்ட இந்தத் திருச்செங்கோட்டில்தான். காய்ச்சல் தீரப் பதிகம் பிறந்த மலையில், காய்ச்சலுக்கென்று வீடுகளில் காய்ச்சிய செடி கேட்பாரற்று நிற்கிறது. இன்று காய்ச்சல் என்றால் முதலில் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்காக இந்தச் செடியை அடையாளம் காணத் தெரியாத தலைமுறையாக நம் பிள்ளைகள் வளர வேண்டுமா? படியோரம் களை வெட்டுபவர்கள் இதை மட்டுமாவது விட்டுவைக்கலாம்.

வேரோடு ஒன்றைப் பிடுங்கிப் போய் வீட்டில் நடலாமா என்று கேட்டேன்.

"வேரோட புடுங்காத சாமி. காஞ்ச கதிர் ரெண்டு ஒடிச்சுட்டுப் போ, வெதை உதுரும். மழைக்குத் தானா மொளைச்சுக்கும்."